மனிதர் தீர்ப்பும் திறந்தவெளிப் பிரசங்கமும்: ஜான் வெஸ்லியின் வரலாற்றிலிருந்து

பிறர் நம்மைக் குறித்து என்ன நினைப்பார்களோ என்னும் அச்சம் திருப்பணியாளரை விட்டு எளிதில் நீங்குவதில்லை. பிரசங்க பீடத்தில் நிற்கையில் கேட்போரின் முகத்தைப் பார்த்துச் சொல்லை மாற்றிக்கொள்கிறோம். இறங்கி வந்த பின்னரோ, நன்றாகப் பேசினோமா என்று நம்மையே அளந்துகொண்டிருக்கிறோம். இவ்விரண்டும் ஒரே நோயே. விசுவாசம் இதற்கு மருந்து என்று நாம் போதிப்பதுண்டு. அம்மருந்து ஒருவருடைய வாழ்வில் எவ்வாறு வேலை செய்தது என்று யாரேனும் வினவினால் மட்டும் நமது விடை தடுமாறுகிறது.

திருச்சபை வரலாற்றில் இவ்வினாவுக்கு விரிவான சான்று ஒன்று உண்டு. ஜான் வெஸ்லி தம் உள்ளத்தின் ஏற்றத்தாழ்வுகளை இடைவிடாமல் எழுதிவைத்தவர். தமக்குப் பெருமை தராதவற்றையும் அச்சிட்டு வெளியிட்டவர். அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதையில், 1738ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் மாலையில் அவருடைய போராட்டம் முடிந்துவிடுகிறது. அவர் விட்டுச்சென்ற ஏடுகளோ வேறு விதமாகப் பேசுகின்றன.

வரலாற்றை அவருடைய தாயாரிடமிருந்து தொடங்குவதே முறையாகும். அத்தொடக்கம் நம் கடற்கரையையும் தொட்டுச் செல்கிறது. சீகன்பால்கும் புளூட்சோவும் 1706ஆம் ஆண்டு ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அவர்களுடைய பணியைப் பற்றிய மடல்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1709இல் லண்டனில் நூலாக வெளிவந்தன. லிங்கன்ஷயரிலுள்ள எப்வொர்த் என்னும் சிற்றூரின் குருமனையில், தந்தையின் படிப்பறையில் கிடந்த இந்நூலை எமிலியா என்னும் மகள் கண்டெடுத்துத் தாயாருக்குப் படித்துக்காட்டினாள். சூசன்னா வெஸ்லியின் உள்ளம் அதனால் மிகவும் அசைக்கப்பட்டது. தாம் ஆணும் அல்லர், குருவும் அல்லர். எனினும் இப்போது செய்வதைவிட மிகுதியாக ஏதேனும் செய்யலாகாதா என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். முதலில் தம் பிள்ளைகளிடத்தில் தொடங்கினார். வாரத்தின் ஒவ்வொரு மாலையிலும் ஒரு பிள்ளையோடு தனித்து அமர்ந்து அதன் ஆத்தும நலத்தைப் பற்றி உரையாடினார். வியாழக்கிழமை ஜானுக்கு உரியது. (இருபது ஆண்டுகளுக்குப் பின், ஆக்ஸ்போர்டில் கல்லூரி அறிஞராய் இருந்தபோது, அந்த வியாழக்கிழமை நேரத்தில் ஒரு சிறு பகுதியையாவது தமக்கு மீண்டும் தர வேண்டும் என்று ஜான் தாயாருக்கு எழுதினார்.)

அப்போது கணவர் சாமுவேல் குருமார் மாமன்றத்தின் பொருட்டு லண்டனில் தங்கியிருந்தார். ஞாயிறு மாலைகளில் சூசன்னா தம் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் ஜெபமும் ஒரு பிரசங்கமும் வாசிப்பது வழக்கம். வேலைக்காரச் சிறுவன் ஒருவன் தன் பெற்றோரிடம் சொல்ல அவர்கள் வந்தனர். அவர்களைத் தொடர்ந்து அயலாரும் வந்தனர். முப்பது நாற்பது பேராக இருந்த கூட்டம் 1712ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருநூறைக் கடந்தது. இடமின்றித் திரும்பிச் சென்றவரும் பலர். ஆலயத்தின் மாலை ஆராதனைக்கோ அதற்கு முன் இருபது இருபத்தைந்து பேருக்கு மேல் வந்ததில்லை. உதவிக் குரு மனம் பொறாமல் சாமுவேலுக்கு முறையிட்டார்.

இந்தக் கட்டத்தில் கணவன் மனைவியிடையே நிகழ்ந்த கடிதப் போக்குவரத்தே நமது பொருளுக்கு முதற்சான்று. சாமுவேல் மூன்று தடைகளை எழுப்பினார்: இது பார்ப்பவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றும், நடத்துபவர் பெண், கணவரோ பொதுநிலையில் இருப்பவர். பிப்ரவரி 6ஆம் நாள் சூசன்னா எழுதிய விடையில் முதல் தடையை அவர் மறுக்கவே இல்லை. விசித்திரமாகத்தான் தோன்றும் என்று ஒப்புக்கொண்டு, பிரசங்க பீடத்துக்கு வெளியே கடவுளின் மகிமைக்காக மெய்யான அக்கறையோடு செய்யப்படும் எதுவும் இக்காலத்தில் அவ்வாறுதான் தோன்றும் என்று அமைதியாக விளக்கினார். வேறு யாரையேனும் வாசிக்கச் சொல்லலாமே என்ற யோசனைக்கு அவர் தந்த விடை சற்று நகைப்பையும் ஊட்டுகிறது: எழுத்துக்கூட்டாமல் ஒரு பிரசங்கத்தை வாசிக்கக்கூடியவர் வந்திருந்தோரில் ஒருவரும் இல்லையாம்.

உலகம் தம்மைக் குறித்துச் சொல்வதை அவர் பொருட்படுத்தவில்லை என்று இதைப் படிப்போர் எளிதாகக் கூறிவிடலாம். ஆனால் அவர் கூச்சமற்றவராகவும் இருக்கவில்லை. மக்களின் ஜெபத்தைக் கடவுள்முன் ஏறெடுக்கத் தமக்குத் தகுதியுண்டா என்று அவர் ஐயுற்றார். ஒரு ஞாயிறன்று ஜெபத்துக்கு முன்பே அவர்களை அனுப்பிவிடவும் முயன்றார். அவர்கள் கெஞ்சிக் கேட்டபோது மறுக்கத் துணியவில்லை. அதே மாதம் 25ஆம் நாள் எழுதிய கடிதத்தில் தம் கணவருக்கு ஒன்றை மட்டும் உறுதியாகச் சொன்னார்: கூட்டத்தை நிறுத்துவது உம்முடைய விருப்பம் என்று எழுதினால் போதாது, தெளிவான கட்டளையாகவே எழுத வேண்டும்; நன்மை செய்யக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டதற்காக நியாயாசனத்தின்முன் நாம் இருவரும் நிற்கும் நாளில், என்னைக் குற்றத்திலிருந்து விடுவிக்கத்தக்க கட்டளையாக அது இருக்க வேண்டும். ஊராரின் தீர்ப்பு, உதவிக் குருவின் தீர்ப்பு, கணவரின் தீர்ப்பு ஆகிய அனைத்தும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன்பாகத் தம் அளவுக்குச் சுருங்கிப்போயின. அவ்வீட்டில் அப்போது எட்டு வயதுச் சிறுவனாய் இருந்த ஜான், இதைக் கற்றுக்கொள்ள இன்னும் இருபத்தேழு ஆண்டுகள் ஆயின.

ஜான் 1725இல் உதவிக் குருவாகவும் 1728இல் குருவாகவும் அபிஷேகம் பெற்றார். 1726இல் லிங்கன் கல்லூரியின் ஃபெலோவாகத் தெரிந்தெடுக்கப்பட்டார். 1729 முதல் அவரும் தம்பி சார்லசும் நண்பர் சிலரும் கூடிப் படித்தனர், நோன்பிருந்தனர், சிறைக்கைதிகளைச் சந்தித்தனர். ஆக்ஸ்போர்டு மாணவர் அவர்களைப் பலவாறு பெயரிட்டுப் பழித்தனர். ‘மெதடிஸ்டுகள்’ என்பது அப்பழிப்புகளுள் ஒன்று. ஏழைகளுக்குக் கொடுக்கும் பொருட்டுச் செலவை மிச்சப்படுத்தத் தம் தலைமயிரை நீளமாக வளரவிட்டவர் ஜான். ஆகவே அக்காலத்திலேயே அவர் பிறர் தீர்ப்பை வென்றுவிட்டார் என்று தோன்றலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. இகழப்படுதல் வேறு, தன்னை மறத்தல் வேறு. ஏளனத்துக்கு அஞ்சாதவன் அந்த ஏளனத்தையே தன் பக்திக்கு அளவுகோலாகக் கொள்ளக்கூடும். இதே ஆண்டுகளில் வெஸ்லி சங்கேத எழுத்தில் மணிக்கு மணி தம் மனநிலையைக் குறித்துவைத்தார். ஊரார் கண்ணிலிருந்து தப்பியவர் தம் சொந்தக் கண்ணில் அகப்பட்டுக்கொண்டார். 1735இல் ஜார்ஜியாவுக்குப் புறப்படுகையில், தம் சொந்த ஆத்துமாவை இரட்சித்துக்கொள்ளும் நம்பிக்கையே தமது தலையாய நோக்கம் என்று நண்பர் ஒருவருக்கு ஒளிக்காமல் எழுதினார்.

கப்பலில் 1736 ஜனவரி 25ஆம் நாள் வீசிய புயலைப் பற்றி மாணவர் அனைவரும் அறிவர். பாய்மரச் சீலை கிழிந்து கடல்நீர் தளத்தின்மேல் பாய்ந்தபோது ஆங்கிலேயர் அலறினர். மொரேவியரோ பாடலை நிறுத்தவில்லை. அதைவிட நமக்கு முக்கியமானது கரையிறங்கியபின் பிப்ரவரியில் நிகழ்ந்த சிறு உரையாடல். மொரேவியத் தலைவர் ஸ்பாங்கன்பெர்க், இயேசு கிறிஸ்துவை அறிவீரா என்று அவரை வினவினார். அவர் உலக இரட்சகர் என்று அறிவேன் என்றார் வெஸ்லி. உம்மை இரட்சித்தார் என்று அறிவீரா என்று அடுத்த வினா எழுந்தது. அதற்காக மரித்தார் என நம்புகிறேன் என்றார். உம்மையே நீர் அறிவீரா என்று ஸ்பாங்கன்பெர்க் மீண்டும் கேட்க, அறிவேன் என்று விடை வந்தது. அவை வெறுஞ்சொற்களே என்று அஞ்சுவதாக வெஸ்லி பின்னர் எழுதிவைத்தார். கேட்பவர் எதிரே தாழ்ந்துபோகாதிருக்க ஒரு குரு சொல்லும் விடை அது. நம்மில் அத்தகைய விடையை ஒருபோதும் சொல்லாதவர் யார்?

ஜார்ஜியாவில் அவர் கண்ட தோல்வியை விரிக்க வேண்டுவதில்லை. தாம் மணக்க எண்ணியிருந்த சோபி ஹாப்கி வேறொருவரை மணந்தார். பின்பு அவருக்குத் திருவிருந்தை மறுத்த காரணத்தால் வழக்கு எழுந்தது. 1737 டிசம்பரில் வெஸ்லி அக்குடியேற்றத்தை விட்டு வெளியேறினார்.

1738 மே 24 மாலை, மனமின்றியே அவர் ஆல்டர்ஸ்கேட் தெருவில் கூடிய சிறு சங்கத்துக்குச் சென்றார். ரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கையில் தம் உள்ளம் வழக்கத்துக்கு மாறாக அனலடைந்ததாகவும், கிறிஸ்து தம் பாவங்களை, ஆம் தம்முடையவற்றையே, நீக்கினார் என்னும் உறுதி பிறந்ததாகவும் வெஸ்லி எழுதினார். இந்நிகழ்ச்சியின் பெருமையை நாம் குறைக்க முயலவில்லை. ஆயினும் அந்த நாளின் குறிப்பிலேயே, எதிர்பார்த்த மகிழ்ச்சி வரவில்லை என்ற வருத்தமும் பதிவாகியுள்ளது. அடுத்த மாதங்களில் அவர் மீண்டும் தம்மையே தோண்டத் தொடங்கினார். 1739 ஜனவரி 4ஆம் நாள், அன்பும் சமாதானமும் மகிழ்ச்சியும் தம்மிடத்தில் உண்டா என ஒவ்வொன்றாய்ச் சோதித்துப் பார்த்து, தாம் இப்போதும் கிறிஸ்தவர் அல்லர் என்று தம்மேல் தீர்ப்பெழுதினார். ஆல்டர்ஸ்கேட்டுக்குப் பின் ஏழு மாதம் கழித்து எழுதப்பட்ட வரி இது. மனந்திரும்பிய நாளையும் நேரத்தையும் சான்றாகக் கேட்கும் நம் எழுப்புதல் கூட்டங்களில் இவ்வரியை வாசித்துக்காட்டுவோர் அரியர்.

அதே குளிர்காலத்தில் 24 வயதே ஆன ஜார்ஜ் விட்ஃபீல்டு, பிரிஸ்டல் நகரத்துக்கு அருகில் கிங்ஸ்வுட்டில் வாழ்ந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்றார். அவர்களுக்கென ஆலயம் இல்லை. அவர்களைத் தேடிச் செல்லுவாரும் இல்லை. பிப்ரவரி 17ஆம் நாள் அவர் வெட்டவெளியில் நின்று பேச ஏறத்தாழ இருநூறு பேர் கேட்டனர். சில வாரங்களில் அது ஆயிரக்கணக்காயிற்று. தாம் வேறிடம் செல்லவேண்டியிருந்ததால் வெஸ்லியை வந்து பொறுப்பேற்குமாறு அழைத்தார். வெஸ்லி விரும்பவில்லை. தம்பி சார்லஸ் தடுத்தார். வேதத்தைத் திறந்து வசனம் பார்த்தபோது மரணத்தைப் பற்றிய பகுதிகளே கண்ணில் பட்டன. முடிவில் லண்டன் சங்கத்தார் சீட்டுப் போட, போக வேண்டும் என்று விழுந்தது. தெளிந்த அழைப்பின் ஒளியில் துள்ளிச் சென்றவர் அல்லர் அவர். இவ்விவரத்தை வாழ்க்கை வரலாறுகள் பல விரைந்து கடந்துவிடுகின்றன.

வெட்டவெளியில் பிரசங்கிப்பதில் என்ன இழிவு என்று நாம் வியக்கலாம்; சந்தையிலும் தெருமுனையிலும் நற்செய்தி கூறுவது நமக்குப் பழகிய காட்சி. அன்றைய இங்கிலாந்தில் பங்குக்குரு ஒவ்வொருவருக்கும் எல்லை வகுக்கப்பட்டிருந்தது; அவ்வெல்லைக்குள் அவர் இசைவின்றிப் பிறர் பேசுதல் அத்துமீறல். ஆலயத்துக்கு வெளியே கூட்டம் கூட்டுவோரை, முந்தின நூற்றாண்டின் உள்நாட்டுப் போரை மறவாத மக்கள் கலகக்காரராகவே கண்டனர். கடவுள் தம்மோடு நேரே பேசுவதாகக் கூறிக்கொள்ளும் வெறியர் என்னும் பட்டம் கற்றறிந்தோரிடையே ஒருவனுடைய மதிப்பை அடியோடு அழிக்க வல்லது. ஒழுங்கையும் தூய்மையையும் உயிரெனக் கொண்ட கல்லூரி அறிஞருக்கு இது எத்துணைக் கசப்பாய் இருந்திருக்கும்! ஆன்மா இரட்சிக்கப்படுவதுகூட ஆலயத்துக்குள் நிகழாவிட்டால் ஏறக்குறைய பாவம் என்று தாம் எண்ணியிருந்ததாக அவரே கூறுகிறார்.

மார்ச் 31ஆம் நாள் பிரிஸ்டல் சேர்ந்தார். மறுநாள் ஞாயிறன்று விட்ஃபீல்டு வெளியில் பேசுவதை நேரில் கண்டார். அன்று மாலை சிறு சங்கமொன்றில் மலைப் பிரசங்கத்தை விளக்கத் தொடங்கினார். திறந்தவெளிப் பிரசங்கத்துக்கு இதுவே ஒரு நல்ல முன்னுதாரணம் அன்றோ என்ற நினைவு அப்போது அவருக்கு வந்தது. அக்காலத்திலும் ஆலயங்கள் இருந்தன என்றும் சேர்த்துக்கொண்டார். சிறிது நகைச்சுவை திரும்பியிருந்ததை இது காட்டுகிறது. நகைச்சுவை திரும்பும்போது தன்னைப் பற்றிய கவலை சற்றே தளரும்.

ஏப்ரல் 2, திங்கட்கிழமை மாலை நான்கு மணி. நகரத்தை ஒட்டிய செங்கல் சூளை நிலத்தில் சிறு மேட்டின்மேல் நின்று ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு வெஸ்லி பிரசங்கித்தார். ஏசாயாவின் சுருளை நாசரேத்தில் இயேசு வாசித்த பகுதி, லூக்கா நான்காம் அதிகாரம், அவர் எடுத்துக்கொண்ட திருவசனம்: தரித்திரருக்கு நற்செய்தி, சிறைப்பட்டோருக்கு விடுதலை. அன்றைய குறிப்பில், இன்னும் அதிக நீசனாவதற்குத் தாம் இசைந்ததாக எழுதினார். இது தாவீதின் மொழி. உடன்படிக்கைப் பெட்டியின் முன் நடனமாடிய அரசனை மீகாள் இகழ்ந்தபோது அவன் தந்த விடையில் நம் தமிழ்த் திருமறையிலும் ‘நீசன்’ என்னும் சொல்லே நிற்கிறது. மீகாளின் கண்ணுக்குத் தாவீது இழிந்தான். பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கோ சாளரம் நினைவில் இல்லை.

இசைந்தேன் என்று வெஸ்லி எழுதியதை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். அச்சம் அகன்றது என்றோ, உள்ளம் மகிழ்ச்சியால் நிரம்பியது என்றோ அவர் எழுதவில்லை. மூன்று மாதத்துக்கு முன் தம்மைக் கிறிஸ்தவர் அல்லர் என்று தள்ளிய அந்த உள்விசாரணையில் அவர் வெற்றிபெற்றதாகவும் இல்லை. விசாரணை அன்றைக்குத் தள்ளிவைக்கப்பட்டது, அவ்வளவே. எதிரே மூவாயிரம் பேர் இருந்தனர். அவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருந்தது. தன்னைப் பார்ப்பதற்கு நேரம் இல்லாமற்போயிற்று. கொரிந்தியருக்கு எழுதுகையில் பவுல், அவர்கள் தம்மை நியாயந்தீர்ப்பது தமக்கு மிகச் சிறிய காரியம் என்று கூறியதோடு நில்லாமல், தாமும் தம்மை நியாயந்தீர்ப்பதில்லை என்று தொடர்கிறார். முதற்பாதியை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். இரண்டாம் பாதியே கடினமானது. ஆக்ஸ்போர்டு வெஸ்லி முதற்பாதியை அறிந்திருந்தார். இரண்டாவதை அவருக்குக் கற்பித்தவர்கள் கிங்ஸ்வுட் தொழிலாளர்கள் என்றே நாம் கருதுகிறோம். நீதிமானாக்கப்படுதல் என்னும் போதனையை அவர் ஆல்டர்ஸ்கேட்டில் தமக்கென்று கேட்டார். செங்கல் சூளையில் அதைப் பிறருக்கென்று சொன்னபோது அது அவர் கால்களுக்கு இறங்கிற்று.

இதன் விளைவு விரைவில் தெரிந்தது. 1739 ஜூனில் பாத் நகரில், அவ்வூரின் நாகரிக உலகத்துக்கு முடிசூடா மன்னராய் விளங்கிய நாஷ் என்பவர் கூட்டத்தில் குறுக்கிட்டு, எந்த அதிகாரத்தால் இதைச் செய்கிறீர் என்றார். உம் பிரசங்கம் மக்களை அறிவு மயங்கச் செய்கிறது என்றும் குற்றம் சாட்டினார். என் பிரசங்கத்தைக் கேட்டதுண்டா என்றார் வெஸ்லி. இல்லை, ஊரார் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன் என்றார் நாஷ். உம்மைப் பற்றியும் ஊரார் பேசுகின்றனர், அதைக்கொண்டு உம்மைத் தீர்க்க நான் துணியேன் என்னும் பொருளில் வெஸ்லி விடைகூறினார். ஆகஸ்டில் பிரிஸ்டல் பேராயர் ஜோசப் பட்லர், அக்காலத்து இறையியலாருள் மிகக் கூர்மதி படைத்தவர், தம் மறைமாவட்டத்தை விட்டுப் போகுமாறு அவருக்கு அறிவுறுத்தினார். வெஸ்லி மரியாதை குன்றாமல் மறுத்தார். பட்லர் எழுப்பிய ஐயங்கள் அற்பமானவை அல்ல. ஆவியின் சிறப்பு வெளிப்பாடுகளைப் பெற்றதாகக் கூறுவதில் உள்ள ஆபத்தை அவர் சரியாகவே கண்டார். ஆயினும் கிங்ஸ்வுட்டுக்கு யார் போவது என்னும் வினாவுக்கு அவரிடம் விடை இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. பிறர் தீர்ப்பினின்று விடுதலை பெற்றோம் என்பவர் சில வேளைகளில் யார் சொல்லையும் கேளாத கல்நெஞ்சராகிவிடுகிறார். வெஸ்லியிடமும் அந்தச் சாயல் உண்டு. 1751இல் தொடங்கிய அவருடைய இல்வாழ்க்கை துன்பமாய் முடிந்ததற்கு அவர் பொறுப்பற்றவர் என்று கூறுவதற்கில்லை. எனினும் கேட்க வேண்டிய குரலை அவர் கேட்டார். குருத்துவம் பெறாத தாமஸ் மேக்ஸ்ஃபீல்டு லண்டனில் பிரசங்கிக்கிறார் என்று அறிந்து சினத்தோடு விரைந்துவந்தபோது, முதிய தாயார் சூசன்னா அவரை நிறுத்தினார். இவ்விளைஞரும் உம்மைப்போலவே மெய்யாகக் கடவுளால் அழைக்கப்பட்டவர், அவர் பேச்சின் பலனைப் பார்த்தும் நீரே கேட்டும் முடிவு செய்யும் என்றார். வெஸ்லி கேட்டார்; இணங்கினார். எப்வொர்த் சமையலறையில் இருநூறு பேரைக் கண்ட கண்கள் அல்லவா அவை! 1742 ஜூனில் அதே எப்வொர்த்தில் உதவிக் குரு ஆலயத்தில் இடம் மறுக்க, தந்தையின் கல்லறைமேல் நின்று வெஸ்லி ஊராருக்குப் பிரசங்கித்தார். அடுத்த மாதம் சூசன்னா மறைந்தார்.

கூச்சம் அவரை விட்டு முற்றிலும் போயிற்றா? இல்லை. இருபது ஆண்டுகள் வெளியில் பேசிய பின், 1759இல், வசதியான அறையையும் மெத்தென்ற திண்டையும் அழகிய பீடத்தையுமே தாம் விரும்புவதாக எழுதினார். 1772இல், இந்நாள்வரை இப்பிரசங்க முறை தமக்கு ஒரு சிலுவையே என்று ஒப்புக்கொண்டார். 1766 ஜூனில் தம்பி சார்லசுக்கு எழுதிய கடிதம் இன்னும் ஆழமானது. தாம் கடவுளை ஒருபோதும் நேசித்ததில்லை, கிறிஸ்தவ முறையில் விசுவாசித்ததும் இல்லை என்று அவர் அதில் மனம் திறந்து எழுதுகிறார். பிறர் கண்ணுக்குத் தப்பச் சில சொற்களைச் சங்கேத எழுத்தில் இட்டிருக்கிறார். பழைய உள்விசாரணை மீண்டும் கூடி, பழைய தீர்ப்பையே வழங்கிவிட்டது. ஆனால் அதே கடிதத்தில், தாம் எவ்வாறோ சுமந்துசெல்லப்படுவதாகவும், பின்வாங்க இயலாதென்றும் கூறி, முழு மீட்பைக் குறித்து எங்கும் வலியுறுத்துமாறு தம்பியைத் தூண்டுகிறார். அக்கடிதம் ஒரு கணநேரச் சோர்வு என்று சிலர் தள்ளிவிடுவர். தன்மேல் தான் எழுதும் தீர்ப்பு இறுதித் தீர்ப்பன்று என்பதை அறிந்தவரே அத்தகைய கடிதத்தை எழுதிவிட்டு மறுநாள் ஊழியத்துக்குப் புறப்பட முடியும் என்று நாம் எண்ணுகிறோம். 1770களில் தம் நூல்களைத் தொகுத்தபோது, ஜார்ஜியா நாட்களில் தாம் மனந்திரும்பாதவராய் இருந்ததாக எழுதிய வரிகளுக்கு, அதைக் குறித்து உறுதியில்லை என்ற பொருளில் அடிக்குறிப்புகள் சேர்த்தார். முதியவர் இளைஞனிடம் இரக்கம் காட்டத் தொடங்கியிருந்தார்.

1790 அக்டோபர் 7ஆம் நாள், 87 வயதில், சீரழிந்துபோன பழைய துறைமுக ஊராகிய வின்செல்சியில் ஆலயத்தின் அருகே ஒரு பெரிய மரத்தடியில் நின்று, ஊராரில் பெரும்பாலோருக்குப் பரலோக ராஜ்யம் சமீபமாயிருக்கிறது என்று வெஸ்லி அறிவித்தார். திறந்தவெளியில் அவர் செய்த கடைசிப் பிரசங்கம் அதுவே.